சாச்சாவின் நம்பருக்கு ரிங் போனது

என் சாச்சா ஃபோன் கடை வைத்திருந்தார். எங்கள் ஊர்களில் அதற்குக் ‘கொமினிகேஷன்’ என்று பெயர். கல்முனைக்குடியில், கடற்கரைக்குப் போகும் வீதியில், கடல் கண்ணில் படுகிற தூரத்தில் அந்தக் கடை இருந்தது. கூரைக்கு மேலே இரும்புக் குழாயில் கட்டிய அன்டனா. உள்ளே ஒரு கண்ணாடிக் கூண்டு. சுவரில் சவூதி, கட்டார், குவைத் என்று எழுதி ஒட்டிய மூன்று மணிக்கூடுகள். அந்த மூன்று நாடுகளுக்கும் நேரம் ஒன்றுதான் என்பதைப் பிற்காலத்தில்தான் அறிந்தேன். சாச்சாவின் சுவரில் மூன்றும் மூன்று நேரம் காட்டின. அவற்றைப் பார்த்துத்தான் எங்கள் ஊர்ப் பெண்கள், கணவன் வேலை முடிந்து அறைக்கு வந்திருப்பாரா என்று கணக்குப் பார்த்தார்கள்.

சாச்சா என்பவர் என் உம்மாவின் தங்கையான சாச்சியைக் கல்யாணம் முடித்தவர். எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குரியது. மாப்பிள்ளைதான் வந்து சேர வேண்டும். அட்டாளைச்சேனையில் பிறந்த சாச்சா அப்படி எங்கள் வளவுக்கு வந்தவர். உம்மாவின் வீடும் சாச்சியின் வீடும் ஒரே வேலிக்குள் இருந்தன. அவர்களுக்குப் பிள்ளை இல்லாததால் நான் பாதி நாள் சாச்சியின் குசினியிலும் மீதி நாள் சாச்சாவின் கடையிலும் வளர்ந்தேன்.

திகதிகளைச் சரிபார்த்து எழுதுவது என் பழக்கம். கொழும்பில் கையடக்கத் தொலைபேசி எண்பதுகளின் இறுதியிலேயே வந்துவிட்டது. செங்கல் பருமன், செல்வந்தர் கையில் மட்டும். எங்கள் கரைக்கு அது வந்து சேர, யுத்த நிறுத்தம் ஒன்று வர வேண்டியிருந்தது. 2002க்குப் பிறகுதான் டவர்கள் எங்கள் கண்ணுக்குத் தெரியத் தொடங்கின. 2004இல், எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது, சாச்சா தனக்கென்று ஒரு கையடக்க ஃபோன் வாங்கினார். சாச்சிக்கு அது பிடிக்கவில்லை.

“கடையில ஃபோன், கூண்டுக்க ஃபோன், இப்ப சட்டப் பைக்கயும் ஃபோன். ஒங்களோட கதைக்கிறத்துக்கு இனி நான் நம்பர் அடிக்கணுமா?”

“அடி புள்ள. ஒனக்கு மட்டும் காசில்லாம வெச்சிரிக்கன்.”

அந்த ஃபோனை வைத்துச் சாச்சா எனக்கு ஒரு விளையாட்டுக் கற்றுத் தந்தார். அதன் பெயர் ‘மவுத்தா ஹயாத்தா’. இறந்ததா, உயிரோடு இருக்கிறதா என்பது பொருள். நான் கண்களை மூடிக்கொள்ள வேண்டும். அவர் ஃபோனின் பெற்றரியைக் கழற்றுவார் அல்லது கழற்றாமல் விடுவார். பிறகு நான் கடை ஃபோனிலிருந்து அவருடைய எண்ணை அழுத்திக் கேட்டுவிட்டுச் சொல்ல வேண்டும். ரிங் போனால் ஹயாத்து. ஒரு பெண் வந்து, தாங்கள் அழைத்தவரை இப்போது அடைய முடியாது என்று மூன்று மொழிகளில் சொன்னால் மவுத்து.

இதற்குப் பின்னால் ஒரு விளக்கமும் இருந்தது. கம்பி ஃபோனில் நம் காதில் கேட்கும் ரிங், எக்ஸ்சேஞ்சிலேயே உண்டாக்கி நமக்கு அனுப்பப்படுவது. அந்தப் பக்கம் கம்பி அறுந்து கிடந்தாலும், வீடே எரிந்து போயிருந்தாலும், நமக்கு ரிங் போய்க்கொண்டிருக்கும். கம்பியில்லாத ஃபோனின் கதை வேறு. ஆள் எந்த ஒழுங்கையில் நிற்கிறார் என்பது அதற்குத் தெரியாது. பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் காணாமற்போன பிள்ளையைக் கூப்பிடுவதைப் போல, அந்தப் பகுதி டவர்கள் எல்லாம் சேர்ந்து அந்த எண்ணைக் கூப்பிடும். இங்கே இருக்கிறேன் என்று ஃபோன் பதில் சொன்ன பிறகுதான் ரிங் போகும்.

“கம்பி ஃபோன் பொய் சொல்லும் மகள்,” என்பார் சாச்சா. “இது சொல்லாது. ரிங் போனா ஆள் இரிக்கி.”

என் வாப்பா நாவிதன்வெளியில் வயல் செய்தவர். ஒரே காற்றுக்குள் இத்தனை பேரின் கதையும் கலக்காமல் எப்படிப் போகிறது என்று அவர் ஒருநாள் கேட்டார்.

“வட்டவிதானை தண்ணி பங்கு வெக்கிற மாதிரித்தான் காக்கா,” என்றார் சாச்சா, வாப்பாவை அண்ணன் முறை வைத்து. “வாய்க்கால் ஒண்டு, வயல் எட்டு. ஆளுக்கு ஒரு முறை. ஒங்கட முறை முடிஞ்சி திரும்பி வாறத்துக்க நீங்க கண் சிமிட்டவும் நேரமில்ல. அதால தண்ணி நிக்காம வாற மாதிரி இரிக்கும்.”

வாப்பா யோசித்தார். “அப்ப ஒண்ட டவரிலயும் ராவையில வாய்க்கால உடைக்கிறவன் ஒருவன் இரிப்பான்.”

சாச்சா சிரித்த சிரிப்பில் கூண்டுக்குள் கட்டாருக்குக் கதைத்துக்கொண்டிருந்த பெண் கண்ணாடியைத் தட்டினாள்.

டிசம்பர் 25, சனிக்கிழமை, சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்குப் பலகாரம் சுடப் பெண்கள் போனார்கள். அந்த வீடு பெரிய வீதிக்கு மேற்கே, வயல் பக்கமாக இருந்தது. உம்மாவும் சாச்சியும் நானும் அங்கேயே தங்கினோம். வாப்பா வயலில் இருந்தார். சாச்சா கடையில்.

மறுநாள் ஞாயிறு, பௌர்ணமி விடுமுறையான போயா தினம். கடல் வந்ததை நாங்கள் பார்க்கவில்லை. அடுப்பில் எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தபோது வீதியால் ஓடி வந்தவர்களைத்தான் பார்த்தோம். நனைந்தவர்கள், உடுப்பில்லாதவர்கள், யாருடையதோ பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தவர்கள். சாச்சி அகப்பையைக் கீழே வைக்காமலே வாசலில் நின்றார்.

எங்கள் வளவில் கிணறு மட்டும் மிஞ்சியது. அதற்குள் கடல் மண் நிரம்பியிருந்தது. கடை இருந்த இடத்தில் கடை இல்லை. அன்டனா கட்டிய இரும்புக் குழாய், வேறொருவரின் தென்னையைச் சுற்றி வளைந்து கிடந்தது. சாச்சாவின் மையித்துக் கிடைக்கவில்லை. எத்தனையோ பேரைப் பெயர் தெரியாமலே அடக்கினார்கள்; அவர்களில் அவர் இருந்தாரா என்று சொல்ல யாருமில்லை. மேற்குப் பக்கத்துப் பள்ளிவாசல்களின் ஒலிபெருக்கிகள் காலையிலிருந்து மாலைவரை பெயர்களைக் கூப்பிட்டன. இன்னாருடைய மகன் இன்னார் எங்கிருந்தாலும் வரவும். சாச்சாவின் பெயரையும் கூப்பிட்டார்கள். சாச்சா விளக்கிய டவர் இதுதான் என்று நான் நினைத்துக்கொண்டேன். பதில் வரும் என்றும் நினைத்தேன்.

நாங்கள் ஒரு பாடசாலையில் தங்கவைக்கப்பட்டோம். எங்கள் வகுப்பறையில் ஐந்து குடும்பங்கள். கரும்பலகையில் யாரோ ஒருவர் தவணைப் பரீட்சைக்கு எழுதிய கணக்கு அப்படியே இருந்தது. உம்மாவின் மூத்த காக்கா, என் மாமா, கையில் ஃபோன் வைத்திருந்தார். முதல் சில நாட்கள் அது எந்தப் பக்கமும் வேலை செய்யவில்லை. பிறகு ஒரு மத்தியானம் சிக்னல் வந்தது. சாச்சி அதை வாங்கி என்னிடம் தந்தார். விளையாடி விளையாடிச் சாச்சாவின் எண் எனக்கு மனப்பாடமாக இருந்தது.

அழுத்தினேன். காதில் வைத்தேன். ரிங் போனது.

“ஹயாத்து!” என்று கத்தினேன்.

சாச்சி ஃபோனைப் பறித்துக் காதில் வைத்தார். ரிங் போய் முடிந்தது. மறுபடி அழுத்தினேன். மறுபடியும் போய் முடிந்தது. யாரும் எடுக்கவில்லை. அன்று மாலைவரை அப்படித்தான். இரண்டு நாளைக்குப் பிறகு அந்த மூன்று மொழிப் பெண் வந்துவிட்டாள். சாச்சி கலங்கவில்லை.

“சார்ஜ் எறங்கியிரிக்கும்,” என்றார். “கரண்ட் இல்லாத எடத்தில இரிக்கார் போல.”

எங்கள் வழக்கத்தில், கணவன் மவுத்தானால் மனைவி நான்கு மாதமும் பத்து நாளும் வெள்ளை உடுத்து, அந்நிய ஆண்களின் கண்ணில் படாமல் ஒதுங்கி இருக்க வேண்டும். அதை இத்தா என்போம். பாடசாலையில் கணவனை இழந்த மற்றப் பெண்களுக்கு ஒரு வகுப்பறையைச் சேலைகளால் மறைத்துக் கொடுத்திருந்தார்கள். சாச்சி மட்டும் பூப்போட்ட சேலையோடு தண்ணீர் வரிசையில் நின்றார். லொறியில் வந்த சாமான்களை ஆண்களோடு நின்று இறக்கினார். புதிதாக யார் வந்தாலும் அட்டாளைச்சேனைப் பக்கம் எப்படி என்று விசாரித்தார். மாமா தலையைக் குனிந்துகொண்டு திரிந்தார். தங்கையின் பாவம் தன் கழுத்தில் விழும் என்பது அவர் பயம். சாச்சியின் பயம் வேறு. வெள்ளையை எடுத்து உடுத்தால், சாச்சாவை மவுத்தாக்கியது தான்தான் என்றாகிவிடும்.

“டவருக்குத் தெரியும் அவர் எங்க எண்டு,” என்று சாச்சி வாப்பாவிடம் சொன்னார். “கம்பனிக்குப் போய்க் கேளுங்க மச்சான்.” வாப்பா போகவில்லை. போயிருந்தாலும் யார் சொல்லியிருப்பார்கள்? ஆனால் சாச்சி சொன்னது உண்மை. ஒவ்வொரு ஃபோனும் தான் எந்தப் பகுதியில் இருக்கிறேன் என்பதை இடைக்கிடை டவருக்குச் சொல்லிக்கொண்டிருக்கும். அது எங்கோ ஓரிடத்தில் பதிவாகும். இதை வாசித்து அறிந்தபோது எனக்கு முப்பது வயதாகியிருந்தது.

ஜனவரியில், ஹஜ்ஜுப் பெருநாளைக் குறிப்பதற்கான துல்ஹஜ் பிறை பார்க்கும் நாள் வந்தது. எங்கள் கரையில் மேகம். கொழும்பிலிருந்து ஃபோன் வந்ததும் பிறை கண்டாயிற்று என்று பள்ளியில் அறிவித்தார்கள். அந்த ஆண்டு எங்கள் ஊரில் ஹஜ்ஜுப் பெருநாள் எந்தத் திகதியில் வந்தது என்று இரண்டு பேரைக் கேட்டு இரண்டு பதில் பெற்றேன், ஆகையால் எழுதவில்லை. அடுத்த நாள் மாமா ஒரு மௌலவியோடு வந்தார். மாமாவின் கையில் புதிய வெள்ளைத் துணி. சாச்சி முந்தானையால் முகத்தை மறைத்துக்கொண்டு கதவுக்குப் பின்னால் நின்றார்.

“தங்கச்சி,” என்றார் மாமா, “பெருநாளைக்கு முந்தி உட்காந்திரு. ஊரே பாக்குது.”

“மையித்தக் கண்ட ஆக்கள் இரிக்காங்களா காக்கா?”

“இந்த நேரத்தில ஆரு மையித்தக் கண்ட?”

“அப்ப நான் காதால கேட்ட ரிங்கு?”

மௌலவி மெதுவாகச் சொன்னார். “ரிங் போறதெல்லாம் சாட்சியில்ல தங்கச்சி.”

சாச்சியின் குரல் உயர்ந்தது. “நேத்து நீங்க பிறையக் கண்டீங்களா ஹஸரத்? ஒருத்தரும் காணல்ல. கொழும்பில இருந்து ஃபோன் வந்த. அத ஏத்துக்கிட்டுப் பெருநாளக் குறிச்சிட்டீங்க. ஊருக்கெல்லாம் ஃபோன் சாட்சி. எண்ட புருஷனுக்கு மட்டும் இல்லையா?”

மௌலவி கோபித்ததாக எனக்கு நினைவில்லை. துணியை மேசையில் வைத்துவிட்டு இருவரும் போனார்கள். உம்மா சாச்சியைக் கட்டிக்கொண்டு அழுதார். எனக்குப் பெருமையாக இருந்தது. எங்கள் விளையாட்டு மௌலவியையே வென்றுவிட்டது.

பெருநாளுக்கு முந்திய நாள், மோட்டார் சைக்கிளில் ஒருவர் பாடசாலைக்கு வந்து எங்களை விசாரித்தார். நடுத்தர வயது, தாடியில் மண். அக்கரைப்பற்றில் ஃபோன் திருத்தும் கடை வைத்திருப்பவர் என்று சொன்னார். கையில் ஒரு சொப்பின் பேக் இருந்தது. அதைக் கதவுக்குப் பக்கத்தில் வைத்தார்.

“ராத்தா,” என்று சாச்சியை அக்கா முறை வைத்து அழைத்தார். “இது அவர்ட சாமான். சனிக்கிழம பின்னேரம் கொண்டுவந்து தந்த. கெணத்தடி வாளிக்க உழுந்தித்தாம். காயவெச்சி, சரிபண்ணி, சார்ஜில போட்டிட்டுக் கடையப் பூட்டினன். மறுகா நான் கடையத் தொறக்கல்ல. எண்ட ராத்தாட ஊடும் போயித்து… முந்தாநாள்தான் தொறந்த.”

சாச்சி வெளியே வந்தார். முந்தானையை இழுத்துவிட மறந்திருந்தார். பேக்குக்குள் சாச்சாவின் ஃபோன். பூட்டிய கடைக்குள், கண்ணாடிப் பெட்டிக்குள், கரண்ட் நின்று பெற்றரி தீரும்வரை நாங்கள் கூப்பிட்டதெல்லாம் இதைத்தான்.

“வேற ஒண்டும் சொல்லல்லையா?” என்று கேட்டார் சாச்சி.

அந்த மனிதர் தயங்கினார். “சொன்ன. ‘வாளிக்க போட்ட கத ஊட்டுக்குப் போயிராம பாத்துக்கங்க. எண்ட பொஞ்சாதி முன்னமே பேசின; இதக் கேட்டா என்னையும் வாளிக்க அமத்திருவா’ எண்டு சிரிச்ச.”

சாச்சி சிரித்தார். உண்மையாகவே வாய்விட்டுச் சிரித்தார். பக்கத்துக் குடும்பங்கள் திரும்பிப் பார்த்தன. வளவில், வேலிக்கு அந்தப் பக்கமிருந்து நான் கேட்டுப் பழகிய அதே சிரிப்பு. பிறகு உம்மாவின் பக்கம் திரும்பி, “ராத்தா, காக்கா தந்த துணிய எடுங்க,” என்றார்.

ஃபோன் எங்களிடம் பொய் சொல்லவில்லை என்பதை நான் பல தடவை யோசித்திருக்கிறேன். இங்கே இருக்கிறேன் என்றது, இருந்தது. அந்த நாட்களில் யாராவது கேட்டுப் பார்த்திருந்தால் அக்கரைப்பற்றுப் பக்கம் என்றும் பதில் வந்திருக்கும். சாச்சா பிறந்த அட்டாளைச்சேனைக்கு அடுத்த ஊர் அது. சாச்சி அந்த வெள்ளைத் துணியைக் கிழித்தே எறிந்திருப்பார். முந்திய நாள் வாளித் தண்ணீரில் விழுந்ததால் அது கடலுக்குத் தப்பியது.

அந்தச் சிம்மைச் சாச்சி பிறகு பாவிக்கவில்லை. இத்தா முடிந்து, தகரக் கொட்டிலில் ஈராண்டு கழித்து, சுனாமி வீட்டுத் திட்டத்தில் ஒரு வீடு கிடைத்தது. அதன் முன் ஜன்னலில் சாச்சி சின்னதாக ஒரு கடை போட்டார். கூண்டு வைத்து நேரம் பார்க்கும் காலம் போய்விட்டது. இப்போது எல்லார் சட்டைப் பையிலும் ஃபோன். கொழும்பில் ஃபோனில் முகம் பார்த்துக் கதைக்கிறார்கள் என்றார்கள். சாச்சி ஃபோன்களுக்குக் காசு ஏற்றும் ரீலோட் போட்டுக் கொடுத்தார். சிக்னல் இல்லை, சத்தம் இல்லை என்று யாராவது ஃபோனைக் கொண்டுவந்தால், சாச்சாவின் எண்ணை அழுத்திக் காதில் வைப்பார். இல்லாத எண்ணுக்கு வரும் அந்தப் பெண் குரல் தெளிவாகக் கேட்டால் ஃபோன் சரி. அதற்குக் காசு வெட்டாது. “இந்தா, நல்லா இரிக்கி,” என்று திருப்பிக் கொடுப்பார். அது யாருடைய எண் என்று வந்தவர்களுக்குத் தெரியாது.

யுத்தம் முடிந்த திகதியைச் சிலர் மே 18 என்பார்கள், சிலர் மே 19 என்பார்கள். நான் சொல்வது 2009 மே 19, செவ்வாய்க்கிழமை. கல்முனைச் சந்தியில் வெடி கொளுத்திக்கொண்டிருந்தார்கள். தமிழர்கள் இருக்கும் பாண்டிருப்புப் பக்கம் வீதியில் ஆள் நடமாட்டமே இல்லை என்று ஒரு ஓட்டோக்காரர் வந்து சொன்னார். அவருடைய ஃபோன் கீழே விழுந்திருந்தது. “பாத்துத் தாங்க ராத்தா.” எனக்கு அப்போது பதினான்கு வயது நடந்துகொண்டிருந்தது, சாச்சிக்குப் பக்கத்தில் இருந்து பாடசாலைச் சிங்களம் படித்துக்கொண்டிருந்தேன்.

சாச்சி வழக்கம்போல எண்ணை அழுத்திக் காதில் வைத்தார். அவருடைய கை நின்றது. முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. கண்கள் மட்டும் என்மேல் இருந்தன. ரீலோட் போடாத எண்ணைக் கம்பனி சில காலம் பார்த்துவிட்டு வேறொருவருக்குக் கொடுத்துவிடும் என்பது எங்கள் இருவருக்கும் அப்போது தெரியாது. ஃபோனை என்னிடம் நீட்டினார்.

“புதே, ஒயாத?” என்றது ஒரு வயதான பெண்ணின் குரல். மகனே, நீயா?

என் பாடசாலைச் சிங்களத்தில், தவறான நம்பர் அம்மா என்றேன். அவர் வைக்கவில்லை. எங்கிருந்து என்று கேட்டார். கல்முனை என்றேன். அது முல்லைத்தீவுக்குக் கிட்டவா, அங்கே பையன்களைப் பார்த்தாயா என்று கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்தது. ஃபோனைக் கையால் பொத்திக்கொண்டு சாச்சிக்குச் சொன்னேன்.

“ஆரோ ஒரு சிங்களக் கெழவி சாச்சி. மகன் ஆமியாம். சண்டைக்குப் போகக்க ஃபோன இவட்டக் குடுத்திட்டுப் போனவனாம். கூட்டாளிர ஃபோன்ல இருந்து எடுப்பானாம். இப்ப கனநாளா எடுக்கல்லையாம். முல்லைத்தீவு நமக்குப் பக்கத்து ஊரெண்டு நெனக்கிறா!”

ஓட்டோக்காரரும் சிரித்தார். சாச்சி சிரிக்கவில்லை. ஃபோனை என்னிடமிருந்து வாங்கிக் காதில் வைத்தார். அந்தப் பக்கம் அந்தப் பெண் நிறுத்தாமல் கதைத்துக்கொண்டிருந்தது எனக்கு வெளியே கேட்டது. கேள்வி கேட்பதுபோல ஒவ்வொரு தடவையும் குரல் உயர்ந்து முடிந்தது.

“ஓம்,” என்றார் சாச்சி.

மறுபடி குரல் உயர்ந்தது.

“ஓம் உம்மா. ஓம்.”

“ராத்தா, எண்ட காசெல்லாம் போகுது,” என்றார் ஓட்டோக்காரர். சாச்சி அவரைப் பார்க்காமல் கையை உயர்த்தினார். சந்தியில் ஒரு வெடிக்கட்டு முழுவதும் வெடித்து ஓயும்வரை அவர் காதிலிருந்து ஃபோனை எடுக்கவில்லை.

அன்றிலிருந்து சாச்சி வேறோர் எண்ணை அழுத்தித்தான் ஃபோன்களைச் சோதித்தார். சாச்சிக்குச் சிங்களம் ஒரு சொல்லும் தெரியாது. அதனால்தான் எல்லாவற்றுக்கும் ஓம் ஓம் என்றார் என்று நான் அன்று நினைத்தேன். வீட்டுக்கு வந்து உம்மாவிடமும் அப்படித்தான் சொல்லிச் சிரித்தேன்.